பத்து நிமிஷ அத்தான்

எங்கள் நகரத்தில் ஐந்து நட்சத்திரம் என்று பலகையில் போட்டுக்கொள்ளும் ஹோட்டல்கள் இருபத்தேழு இருக்கின்றன. இருபத்தேழுக்கும் என் அத்தான் போய் வந்திருக்கிறார். எந்த ஹோட்டலில் எந்த அறைக்குக் காலை வெயில் முகத்தில் அடிக்கும், எந்தக் குளியலறையில் வெந்நீர் வர எத்தனை விநாடி ஆகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் ஒன்றில்கூட அவர் தங்கியதில்லை. தங்குவது இருக்கட்டும், ஒரு கட்டிலில் உட்கார்ந்ததுகூட இல்லை.

அதுதான் அவர் வேலை. ஒரு பயண அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக, வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஹோட்டல் பார்த்துக் கொடுக்கிறார். கம்பெனிப் பெரிய ஆட்கள், வக்கீல்கள், ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் டாக்டர்கள் என்று நிரந்தர வாடிக்கையாளர்கள் உண்டு. மற்ற அலுவலகங்களில் இதை நாற்காலியை விட்டு நகராமல் கம்ப்யூட்டரைப் பார்த்தே முடித்துவிடுவார்கள். அத்தான் நேரில் போவார். "போட்டோவுல சத்தம் கேக்குமா?" என்பார். அதற்கு யாரிடமும் பதில் இல்லாததால் அவர் முதலாளியும் ஆளை விட்டுவிட்டார்.

அறைக்குள் நுழைந்ததும் ஷூவைக் கழற்றிக் கதவோரம் வைப்பார். ஏசியை நிறுத்துவார். திரையை இழுத்து மூடுவார். பையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து, தண்ணீர் பிடித்து, கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் வைப்பார். தண்ணீர் நடுங்கினால் மேலோ கீழோ ஏதோ மோட்டார் ஓடுகிறது என்று அர்த்தம். பிறகு கட்டிலோரம் தரையில் முழங்காலிட்டு, தலையணைக்கு நாலு விரல் தள்ளிக் காதை வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிஷம் அசையாமல் இருப்பார். தலையணையில் தலையை வைக்கவே மாட்டார். வைத்தால் சுத்தம் செய்கிற அம்மா உறையை மாற்ற வேண்டும், விரிப்பை மறுபடி இழுத்துச் செருக வேண்டும். ஒரு நாளைக்குப் பதினாலு அறை செய்கிறவளுக்குப் பதினைந்தாவதாக நான் வேறு எதற்கு என்பது அவர் கட்சி. முதல்முறை பார்க்கிறவர்கள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். ஹோட்டல் வரவேற்புகளில் அவருக்கு 'பத்து நிமிஷம் சார்' என்று பெயர்.

பத்து நிமிஷத்தில் ஒரு சின்ன முனகல் கேட்டாலும் போச்சு. கறுப்பு அட்டை போட்ட நோட்டில் அந்த அறை எண்ணுக்கு நேராகச் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி விழும். மூன்று பெருக்கல் விழுந்தால் ஹோட்டலே பட்டியலிலிருந்து காலி. அறை என்றால் அமைதி. அமைதி இல்லாவிட்டால் அது அறையே இல்லை. இதில் அவரோடு வாதாடிப் பயனில்லை.

நான் வாதாடியிருக்கிறேன், ஏனென்றால் நான் லிஃப்ட் மெக்கானிக். இதே ஹோட்டல்களுக்கு நானும் போகிறவன்தான். அவர் டை கட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போவார், நான் கருவிப் பையோடு பின்வாசல் வழியாகப் போவேன். அவர் நோட்டில் 'லிஃப்ட் சத்தம்' என்று எழுதிவிட்டு வந்தால், மறுநாள் காலை என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்குவார். என் அக்காவைக் கட்டிக்கொண்ட மனிதர், என் பிழைப்பில் கை வைக்கிறார். இதை அக்காவிடம் சொன்னால், "அவர் காது அப்படி, என்ன பண்ணச் சொல்றே?" என்று சிரிப்பாள்.

சிரிக்க வேண்டிய விஷயம் வேறு இருந்தது. இந்த அமைதிப் பிரியர் குடியிருக்கும் வீட்டின் கீழே மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. எதிரே பேருந்துகள் திரும்புகிற முனை. பக்கத்துச் சுவரை ஒட்டி ஒரு மாவு மில். ஒரே படுக்கையறை, அதன் ஜன்னல் மூன்றுக்கும் பொதுவாகத் திறந்திருக்கும். அத்தான் அங்கே தலை சாய்த்தால் அடுத்த நிமிஷம் குறட்டை.

"அத்தான், உங்க வீட்டுக்கு உங்க நோட்டுல என்ன போடுவீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வீடு வேற, ரூம் வேற மச்சான். ரூமுக்கு வர்றவன் காசு குடுத்துத் தூங்க வர்றான்."

"அப்ப நீங்க ஓசியில தூங்கறீங்களா?"

அக்கா அடுப்படியிலிருந்து கையைத் தட்டிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு இருமலாகி, மூச்சு வாங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தான் எழுந்து போய் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு அவரும் நின்றார். அப்போதுதான் அவளுக்கு எந்த அளவுக்கு முடியாமல் போயிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

அக்காவின் இருதயத்தில் ஒரு வால்வு சின்ன வயதிலேயே பழுது. இருபது வயதில் ஒருமுறை சரி செய்தார்கள். இப்போது ஐம்பத்தொன்றில் அது சுண்ணாம்பு படிந்த குழாய் மாதிரி இறுகிப்போய்விட்டது. எடுத்துவிட்டு உலோக வால்வு வைக்க வேண்டும், ஏற்கெனவே கத்தி பட்ட இடம் என்பதால் சிக்கல், எங்கள் ஆட்கள் தொடத் தயங்குகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் வெளிப்படையாகவே சொன்னார்கள். இந்த மாதிரிக் கேஸ்களுக்கென்றே வெளியூரிலிருந்து ஒரு டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று நாள் வருவார். அவர் பட்டியலில் அக்காவுக்குச் செவ்வாய்க்கிழமை காலை முதல் இடம் கிடைத்தது. அதை விட்டால் இன்னும் ஆறு மாதம். ஆறு மாதம் தாங்குமா என்று நாங்கள் கேட்டதற்கு, "இந்தத் தடவையே முடிச்சுடுவோம்" என்றார்கள். பதில் அதிலேயே இருந்தது.

அந்த நாட்களில் அத்தான் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து அக்காவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாராம். தெரு இரைச்சலில் மூச்சு கேட்காதே, அதற்காக. "பாதித் தூக்கத்துல முழிச்சா மூக்குக்கிட்ட விரலு. பயந்தே செத்துடுவேன் போலிருக்கு" என்று அக்கா என்னிடம் சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு வேடிக்கையாக இல்லை.

இந்தச் சமயத்தில்தான் அத்தானின் மேஜைக்கு ஒரு வேலை வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வழக்கமாக வரும் கடிதம்தான். ஞாயிறு மாலையிலிருந்து நாலு நாளுக்கு ஓர் அறை, நல்ல ஹோட்டல், ஆஸ்பத்திரிக்கு அரை மணிக்குள் வரும்படி இருக்க வேண்டும், விருந்தாளி அறுவைச் சிகிச்சை நிபுணர், நல்ல ஓய்வு அவசியம். கீழே டாக்டரின் பெயர், இதுவரை ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கிப் போனவர். அத்தான் சட்டைப் பையிலிருந்து அக்காவின் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே பெயர்.

அக்காவை அறுக்கப் போகிறவர் முதல் நாள் இரவு எங்கே தூங்குவது என்பதை இவர் தீர்மானிக்க வேண்டும்.

வேறு யாராவதாக இருந்தால் வேலையை இன்னொருவரிடம் தள்ளியிருப்பார்கள். அத்தானிடம் சொல்லிப் பார்த்தேன். "யாருகிட்டத் தள்ளறது? கம்ப்யூட்டரைப் பார்த்து ரூம் போடறவன்கிட்டயா?" என்றார்.

நாலு நாளில் பதினொரு ஹோட்டல் ஏறி இறங்கினார். ஏற்கெனவே நோட்டில் நல்ல பெயர் வாங்கியவைதான், இருந்தும் நம்பவில்லை. டம்ளரோடு போனார், முழங்காலிட்டார், பத்து நிமிஷம் போதாதென்று இருபது நிமிஷம் இருந்தார். ஒரு ஹோட்டலில் பக்கத்து அறையில் குழாயைத் திறந்து மூடச் சொல்லிக் கேட்டார். இன்னொன்றில் நடைபாதை விரிப்பு மெல்லியதாக இருக்கிறது, சக்கரப் பெட்டி இழுத்தால் கேட்கும் என்று தள்ளினார். மூன்றாவது ஒன்றில் எல்லாம் பிரமாதம், ஆனால் குளிர்பதனப் பெட்டி நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை கனைக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிடலாம் என்றார்கள். "டாக்டர் தண்ணி குளுகுளுன்னு கேட்டா?" என்று அதையும் தள்ளினார். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

கடைசியில் நகரத்திலேயே புதிய ஹோட்டல் ஒன்றில், பூங்காவைப் பார்த்த பின்பக்கக் கட்டடத்தில், பதினேழாவது மாடிக் கடைக்கோடி அறை அகப்பட்டது. ஜன்னலுக்கு மூன்று கண்ணாடி. பக்கத்தில் அறை கிடையாது. லிஃப்ட் எங்கேயோ அறுபதடி தள்ளி. என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டம்ளரில் தண்ணீர் படம் மாதிரி நின்றது. கதவைச் சாத்தியதும் எனக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது.

"எப்படி?" என்றார்.

"கல்லறை மாதிரி இருக்கு அத்தான்."

"வாயைக் கழுவு" என்றார். ஆனால் முகத்தில் பெருமை வழிந்தது. பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஓர் அறை பார்த்ததில்லையாம்.

ஞாயிறு மாலை டாக்டர் வந்து இறங்கினார். திங்கள் காலை அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு நாங்கள் அக்கா கட்டிலருகே இருக்கும்போது, டாக்டரின் ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஆஸ்பத்திரி அதிகாரி அத்தானுக்குப் போன் செய்தாள். அந்த அம்மாவுக்கு அத்தான் பயண அலுவலக ஆள் என்று மட்டும்தான் தெரியும்.

"சார், என்ன ரூம் போட்டிருக்கீங்க? டாக்டர் ராத்திரி முழுக்கக் கண்ணையே மூடலையாம். இன்னைக்கு ஒரு கேஸ்தான் பண்ணினார். கை சரியில்லைன்னு ரெண்டாவது கேஸை நிறுத்திட்டார். இன்னைக்கும் தூங்கலைன்னா நாளைக்கு முதல் கேஸ் கிடையாதுன்னு சொல்லிட்டார். அது ரொம்பக் கஷ்டமான கேஸ் வேற."

அத்தான் போனை வைத்துவிட்டு அந்தக் கஷ்டமான கேஸைப் பார்த்தார். அது தலையணையில் சாய்ந்து, "யாரு? ஆபீஸா? போய்ட்டு வாங்க, நான் எங்க ஓடிடப் போறேன்" என்றது. அவர் தலையை ஆட்டினார். வராந்தாவுக்கு வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு டாக்ஸி பிடித்து நேராக அந்தப் புது ஹோட்டலுக்குப் போனோம். டாக்டர் வரவேற்புக் கூடத்தில், சோபாவில், ஒரு கை நெற்றியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும், குள்ளமான மனிதர். கண் இரண்டும் சிவந்திருந்தன. அத்தான் தன்னை அறை ஏற்பாடு செய்தவன் என்று அறிமுகம் செய்துகொண்டார். புருஷன் என்று சொல்லவில்லை.

"என்ன சத்தம் சார் வந்தது?" என்று கேட்டார்.

"ஒரு சத்தமும் இல்லை. அதான் பிரச்சினை" என்றார் டாக்டர். "நான் இருபத்தஞ்சு வருஷமா ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல இருக்கேன். ஜன்னலுக்கு அடியில ஏசி பிளாண்ட். ராப்பகலா ஓடும். அதுல தூங்கிப் பழகினவன். இங்க படுத்தா என் காதுல என் நாடியே கேக்குது. நாள் முழுக்க அடுத்தவன் நாடி. ராத்திரி படுத்தா என் நாடி. எண்ண ஆரம்பிச்சுட்டேன்யா. ஆயிரத்தைத் தாண்டிட்டேன்."

அத்தான் கையிலேயே கறுப்பு நோட்டு இருந்தது. பத்தொன்பது வருஷமாக எத்தனை பேரை இப்படிப் படுக்கவைத்து நாடியை எண்ண விட்டாரோ என்று அப்போதே நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் அந்த மாதிரிப் பெரிய யோசனை எதுவும் வரவில்லை. மாவு மில்லும் பேருந்து முனையும் சேர்ந்து தாலாட்ட, குறட்டை விட்டுத் தூங்குகிற மனிதருக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்ற கோபம்தான் வந்தது.

"வேற ரூம் போடறேன் சார். எட்டரை மணிக்குள்ள" என்றார் அத்தான்.

வெளியே வந்து நடைபாதையில் நின்று என்னிடம் திரும்பினார். "மச்சான், இந்த ஊர்ல இருக்கறதுலயே உன் லிஃப்ட் எந்த ஹோட்டல்ல ரொம்பக் கத்தும்?"

இத்தனை வருஷமாக அவர் கேட்பாரா என்று நான் காத்திருந்த கேள்வி இது. ஆனால் இப்படிக் கேட்பார் என்று நினைக்கவில்லை. நையாண்டி செய்யத் தோன்றவில்லை. யோசித்தேன். லிஃப்ட் சத்தம் உதவாது. நள்ளிரவுக்கு மேல் யாரும் ஏற மாட்டார்கள், மோட்டார் நின்றுவிடும். நிற்காமல் ஒரே சீராக ஓடுகிற ஏதாவது வேண்டும். பழைய ஹோட்டல் ஒன்று ஞாபகம் வந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, பளிங்குத் தூணும் பித்தளைக் கைப்பிடியுமாக ஒரு காலத்தில் நகரத்துக்கே முதல் ஹோட்டல். அதன் மேல்மாடி அறைக்கு நேர் மேலே லிஃப்ட் மோட்டார் அறை. மோட்டார் சூடாகாமல் இருக்க அங்கே ஆளுயர எக்ஸாஸ்ட் ஃபேன். இரவு பத்து மணிக்கு அது தானாக நிற்கும்படி ஒரு டைமர் வைத்தவன் நான்தான். வைக்கக் காரணம் அத்தானின் புகார்.

"அதுவா?" என்றார். முகம் சுருங்கியது. நாலு வருஷத்துக்கு முன் மூன்று சிவப்புப் பெருக்கல் போட்டு அந்த ஹோட்டலையே பட்டியலிலிருந்து தூக்கியிருந்தார். "அந்த மேனேஜர் என் மூஞ்சியில முழிப்பானா?"

முழித்தார். வரவேற்பு மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து அத்தானை மேலும் கீழும் பார்த்தார். "அடேயப்பா, பத்து நிமிஷம் சாரா! எங்க ஓட்டை ஹோட்டலுக்கா? சிவப்புப் பேனா கொண்டு வந்திருக்கீங்களா, இல்லை நாங்க தரணுமா?"

அத்தான் நோட்டைத் திறந்து, அந்த ஹோட்டல் பக்கத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "இந்த ரூம்தான் வேணும்" என்று முதல் பெருக்கலைக் காட்டினார்.

"சத்தமா இருக்கே சார்" என்றார் மேனேஜர். விடுகிற மாதிரி இல்லை.

"அதுக்குத்தான் வேணும்."

"நாலு வருஷம் ஒரு ஆளை அனுப்பலை நீங்க."

"தப்புதான்" என்றார் அத்தான். பிறகு, மேனேஜர் கேட்காமலே, "என் வீட்டுக்காரிக்கு நாளைக்கு ஆபரேஷன். பண்ணப்போற டாக்டருக்குத் தூங்கற இடம் வேணும்" என்றார். இதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தன்னை மட்டம் தட்டிக்கொண்டிருந்த மனிதரிடம் போய்ச் சொன்னார். மேனேஜர் சாவியை எடுத்து நீட்டிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் ஒரு வார்த்தை குத்தலாகப் பேசவில்லை.

நான் மேலே போய் டைமரைக் கழற்றி ஃபேனை ஓட விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். அறை பெரியது. மரத்தில் செய்த கனமான கட்டில், தடித்த திரை, கால் புதைகிற விரிப்பு. மேலிருந்து ஊம் என்று ஓர் இரைச்சல் சுவர் வழியாக இறங்கிக்கொண்டே இருந்தது. கீழே பேருந்து நிலையம் தன் பங்குக்குக் கலந்துகொண்டது. டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. அத்தான் வழக்கப்படி ஷூவைக் கழற்றினார், திரையை மூடினார், கட்டிலோரம் முழங்காலிட்டார். இரண்டு நிமிஷம் இருந்தார். பிறகு எழுந்தார்.

"இதுல எனக்கு ஒண்ணும் தெரியலை மச்சான். நல்லதா கெட்டதான்னு புரியலை" என்றார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். காலைத் தூக்கி மேலே வைத்தார். தலையணையில் தலையைச் சாய்த்தார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் குறட்டை கேட்டது. டை கட்டியபடி, கறுப்பு நோட்டு நெஞ்சின்மேல் கிடக்க, ஒரு வாரத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினார். மூக்கருகே விரலை வைத்துப் பார்க்க வேண்டிய ஆள் அவர் பக்கத்தில் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். நாற்பது நிமிஷம் நான் எழுப்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்மேல் எனக்கிருந்த இத்தனை வருஷக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

எழுந்ததும் பதறிவிட்டார். தூங்கியதற்கு அல்ல, விரிப்புக்கு. நாங்கள் இரண்டு பேரும் இரு பக்கமும் நின்று இழுத்து இழுத்துப் பார்த்தோம். அவர் இழுத்தால் என் பக்கம் அவிழும், நான் செருகினால் அவர் பக்கம் சுருங்கும். அந்த மாடியைச் சுத்தம் செய்கிற அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "தள்ளுங்க ரெண்டு பேரும்" என்று அதட்டி, மூன்று நிமிஷத்தில் புதுக் கட்டில் மாதிரி ஆக்கினாள். அத்தான் அவளிடம் நாலு முறை மன்னிப்புக் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தோம். அக்காவைத் தயார் செய்து உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். போகும்போது அவள், "டாக்டர் நல்லாத் தூங்கினாரா?" என்று கேட்டாள். அத்தானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், நான்தான் முதல் நாள் இரவு அவளிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டேன். அவளிடம் என்னால் எதையும் மறைக்க முடியாது.

ஏழேகாலாயிற்று, டாக்டர் வரவில்லை. ஏழரை. அத்தான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றார். அதுவே அடித்தது. அந்த அதிகாரி அம்மா.

"சார், என்ன ரூம் சார் அது? அலாரம் அடிச்சும் எழுந்திரிக்கலையாம். மேனேஜரே மேல போய்க் கதவைத் தட்டி எழுப்பியிருக்கார். இப்பதான் கிளம்பறார். இப்படித் தூங்கி எத்தனை மாசம் ஆச்சுன்னு சொல்றாராம்."

அத்தான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வராந்தாவில் எத்தனை ஓடு என்று நான் எண்ணினேன், அத்தான் அதுகூடச் செய்யவில்லை. மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, நோயாளியின் வீட்டுக்காரர் யார் என்று கேட்டார். அத்தான் முன்னால் போனார். டாக்டர் அவரைப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார்.

"நீங்க ரூம்காரர் இல்லை?"

"ஆமா சார்."

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க தூங்கியிருப்பீங்களா?"

டாக்டர் அத்தானின் கையைப் பிடித்து, "நல்லபடியா முடிஞ்சுது" என்றார். "ஒரு விஷயம். உலோக வால்வு. சத்தம் வரும். அமைதியான இடத்துல பக்கத்துல இருக்கறவங்களுக்கே டிக் டிக்னு கேக்கும். சில பேருக்கு அது தொந்தரவா இருக்கும். பழகிடும்னு சொல்லுங்க."

அடுத்த வாரம் சனிக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தாள். மறுநாள் ஞாயிறு. மோட்டார் கடை பூட்டியிருந்தது, மாவு மில்லும் இல்லை, பேருந்து முனையில்கூட ஆள் குறைவு. மத்தியானச் சாப்பாடு முடிந்து அவளைப் படுக்கவைத்தோம். அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. அப்போது கேட்டது. சின்னக் கடிகாரத்தைத் துணியில் சுற்றி வைத்த மாதிரி, அக்காவின் நெஞ்சுக்குள்ளிருந்து டிக், டிக், டிக்.

அக்காவின் முகம் வாடிவிட்டது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள். "ஆஸ்பத்திரியில தெரியலைடா. இங்க எப்படிக் கேக்குது பாரு. உங்க அத்தானுக்குக் குளிர்பதனப் பெட்டி கனைச்சாலே ஆகாது. இந்தச் சத்தத்தோட எப்படிப் பக்கத்துல படுப்பார்? நான் வெளி ரூம்ல படுத்துக்கறேன்னு நீயே சொல்லிடு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தான் உள்ளே வந்தார். கேட்டுவிட்டார் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. செருப்பைக் கழற்றிக் கதவோரம் வைத்தார். கட்டிலோரம் தரையில் முழங்காலிட்டார். அவள் நெஞ்சுக்கு நாலு விரல் தள்ளிக் காதை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி கிடந்தாள். எனக்கு அந்த அறையில் நிற்கவும் முடியவில்லை, போகவும் மனமில்லை.

வெகுநேரம் கழித்து அக்கா கேட்டாள். "என்ன, சிவப்புப் பேனாவா?"

அத்தான் நிமிரவில்லை. "இத்தனை மாசமா ராத்திரி முழிச்சா, நீ இருக்கியான்னு எனக்குத் தெரியாது. தெருச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. விரலை வெச்சுத்தான் பார்க்கணும். வைக்கறதுக்குள்ள எனக்கு உசிரு போயிடும்" என்றார். "இனிமே கண்ணைத் திறக்கவே வேண்டாம். கேக்குதே."

அக்கா கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் ஏறிப் பக்கத்தில் படுத்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று திரும்பினேன். அக்கா உதட்டில் விரல் வைத்து என்னைத் தடுத்தாள். அவர் அதற்குள் தூங்கியிருந்தார்.